பாலவாக்கத்தில் எழும்பிய கோடு

1. ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம் விட்டது. தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் ஏழு வயது மகள் அன்று வீடு வந்து சேரவில்லை.

2. அவளைத் தினமும் காரில் அழைத்துவரும் டிரைவர் ஏகாம்பரம், பள்ளி விடும்போதே வாசலில் நின்றதாகவும் குழந்தை வெளியே வரவில்லை என்றும் சொன்னார்.

3. அன்று மாலையே போலீசார் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

4. வெள்ளிக்கிழமை அவர் மூன்று இடங்களின் பெயரைச் சொன்னார். மூன்றிலும் தேடினார்கள். குழந்தை இல்லை.

5. சனிக்கிழமை காலை அவரை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்தார்கள்.

இதில் நான்காவதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. அண்மையில் பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது, நேரம் இல்லை, விஷயம் தெரிந்தவன் கையில் இருக்கிறான்; அப்போதுகூட அரசாங்கம் அடிக்கக் கூடாதா? இரண்டு கட்சியாகப் பிரிந்து நன்றாகவே வாதாடினார்கள். நான் ஒரு பக்கமும் சேராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் கற்பனையாக எடுத்துக்கொண்ட நிலைமையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அதை வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பு பௌதிகம். பட்டம் வாங்கிய கையோடு அரசு ஆய்வுக்கூடத்தில் அறிவியல் உதவியாளர் வேலை கிடைத்தது. முதலில் கண்ணாடித்துண்டு, பெயிண்ட் செதில், டயர்த் தடம். பிறகு, பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பத்திரிகைகள் எழுதிய அந்தப் பெட்டி வந்தபோது, வெளியூரில் சில மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுவில் நான் அதை இயக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண்.

கருவி பொய்யைக் கண்டுபிடிக்காது. மார்பிலும் வயிற்றிலும் ரப்பர்க் குழாய் கட்டினால் மூச்சு ஒரு கோடாக வரும். மேல்கையில் பட்டை கட்டி அழுத்தினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு கோடாக வரும். இரண்டு விரல்களில் உலோகத் தகடு மாட்டினால் வியர்வையின் ஏற்றத்தாழ்வு ஒரு கோடாக வரும். காகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும், பேனாக்கள் எழுதும், நான் கேள்வியின் எண்ணைப் பென்சிலால் குறிப்பேன். கோடு எழும்பினால் அந்த ஆளுக்குள் ஏதோ நடந்தது என்று அர்த்தம். என்ன நடந்தது என்பதைக் காகிதம் சொல்லாது. அதை முடிவு செய்வது சேஷாத்ரி சாரின் வேலை.

சேஷாத்ரி சார் எங்கள் பிரிவின் தலைவர். மயிலாப்பூர்க்காரர். மந்திரியோ, பியூனோ, கொலைக் கேஸில் வந்தவனோ, எல்லோருக்கும் ஒரே "வாங்கோ". மின்விசிறிக் காற்று பட்டால் மூச்சுக்கோடு கெடும் என்பதால் பரிசோதனை நேரத்தில் அதை அணைத்துவிடுவார். தானும் உட்கார்ந்து வியர்ப்பார். காபி நாடியை ஏற்றும் என்று வருகிறவர்களுக்கு நீர்மோர்தான் கொடுப்பார். கேட்கப்போகும் கேள்விகள் அத்தனையையும் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுவார். "கேள்வித்தாளை முன்னாடியே குடுத்துடற பரீட்சை லோகத்துலயே இது ஒண்ணுதான்" என்பார். திடுக்கிடலையும் பயத்தையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பதைத்தான் நாங்கள் அளக்க வேண்டும் என்பது அவர் பாடம்.

அதனாலேயே அவரிடம் மாறாத ஒரு விதி இருந்தது. வருகிறவர் சாப்பிட்டிருக்க வேண்டும், தூங்கியிருக்க வேண்டும், உடம்பில் அடி இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். வலியில் இருப்பவனின் கோடுகளை யாராலும் படிக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் தங்கவேலு முன்னால் வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம். குதிகால் தரையில் படாமல் பாதத்தின் ஓரங்களால் நடந்தார். நாற்பது வயதிருக்கும். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். சார் எழுந்து நின்றார்.

"வாங்கோ. கையைக் காமிங்கோ."

வலது கை வீங்கியிருந்தது. சார் குனிந்து பாதங்களையும் பார்த்தார். நிமிர்ந்து இன்ஸ்பெக்டரிடம், "இவரை முதல்ல ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போங்கோ. ஒரு வாரம் கழிச்சு வாங்கோ" என்றார்.

"ஒரு வாரமா? சார், அது ஏழு வயசுப் புள்ள. எங்கயோ ஒரு ரூம்ல தண்ணி இல்லாம கெடக்குதுன்னு வச்சுக்குங்க. இவன் காலைப் பாத்து நீங்க வருத்தப்படுறீங்க. அந்தப் புள்ளைக்கு யாரு வருத்தப்படுறது?"

"அடிச்சு என்ன கெடைச்சுது?"

"ஒங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படிக் கேப்பீங்களா?"

"எங்காத்துக் கொழந்தையா இருந்தா நானே அடிச்சிருப்பேன். அதனாலதான் அந்த மாதிரி சமயத்துல எங்கிட்ட ஆளைக் குடுக்கப்படாது."

தங்கவேலு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு இரவுகளாகத் தூங்காத முகம். பிறகு குரலைத் தணித்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சார், நீங்க செய்யலைன்னா இவனைத் திரும்ப ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வேற வழி தெரியல."

மிரட்டல் தொனி அதில் இல்லை. அவருக்குத் தெரிந்த நிலவரத்தைச் சொன்னார். விதிப்படி திருப்பி அனுப்பினால் கருவியின் மானம் தப்பும். ஏகாம்பரத்தின் கால் தப்பாது. பரிசோதனை செய்தால் வரும் கோடுகளை நம்ப முடியாது. ஆனால் அவை ஒரு மனிதனைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோகலாம். சார் போய் மின்விசிறியை அணைத்தார். திரும்பி வந்து என்னிடம், "லலிதா, தகட்டை எடது கையில மாட்டுங்கோ" என்றார். அவர் தம் விதியை மீறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எடுத்துக்கொண்டது இடப் பரிசோதனை. ஊரின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் படிப்போம். எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றே அவர் பதில் சொல்ல வேண்டும். எங்கே கோடு எழும்புகிறது என்று பார்ப்போம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெயர்களில் எதையும் போலீஸ் அதற்கு முன் அவரிடம் பேசியிருக்கக் கூடாது. சார் அதைக் கேட்டார்.

"ஒண்ணும் பேசலை" என்றார் தங்கவேலு.

மேல்கையில் பட்டையைக் கட்டி நான் காற்றடித்தபோது ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். சட்டைக்கு உள்ளேயும் அடி இருந்திருக்கிறது. "வலிக்குதா?" என்றேன். "நீ கட்டும்மா. இதெல்லாம் ஒரு வலியா" என்றார்.

சார் படித்தார். மாம்பலம். தெரியாது. அடையாறு. தெரியாது. ராயப்பேட்டை. தெரியாது. பாலவாக்கம்.

வியர்வைக் கோடு செங்குத்தாக ஏறியது. மூச்சு நின்று, பிறகு வந்தது. வேளச்சேரிக்கும் அப்படியே. சிந்தாதிரிப்பேட்டைக்கு அவ்வளவு இல்லாவிட்டாலும் தெளிவாகத் தெரிந்தது. வரிசையை மாற்றி மறுபடி படித்தார். மறுபடியும் அதே மூன்று, அதில் பாலவாக்கம் முதல். என் பயிற்சிக்காலம் முழுவதிலும் இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கவேலு உள்ளே வந்துவிட்டார். "பாத்தீங்களா சார்! பாலவாக்கம்! இனிமே நான் பாத்துக்கறேன்."

சார் காகிதத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அறைக்கு ஒருவரும் தூசியோடு வரக்கூடாது என்பதால் வாசலில் கால்மிதி போட்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தில், அவர் பூட்ஸின் தையலிலிருந்து உதிர்ந்த மணலும் இரண்டு மூன்று சவுக்கு இலைகளும் கிடந்தன. பாலவாக்கத்துக் கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்புதான்.

"கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்தேளா?"

தங்கவேலு பூட்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சார் நாற்காலியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார். "ஏகாம்பரம், பாலவாக்கம்னதும் என்ன நெனச்சேள்?"

"அதான் சார் நான் மொதல்ல சொன்னது. அடி தாங்கல, வாயில வந்தத சொன்னேன். தோப்பு பூரா தேடிட்டு வந்து, இல்லன்னதும் இன்னும் மிதிச்சாங்க. அப்பால வேளச்சேரின்னேன். அங்கியும் இல்லன்னு வந்து... கடசீல எங்க பேட்டையவே சொன்னேன். சார், பாலவாக்கம்னு நீ சொல்றப்ப எனக்குக் கால்தான் சார் நெனப்பு வந்திச்சி."

காகிதம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கருவியை நிறுத்தினேன். கோடுகள் எழுதியிருந்தது லத்தியின் கதையை. ஸ்டேஷனில் அடித்து உள்ளே போட்டதை, ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் வெளியே எடுத்துக் கொடுத்திருந்தது. சார் அந்த மணலைக் கவனிக்காமல் இருந்திருந்தால், அரசு முத்திரையோடு அதை விஞ்ஞான முடிவு என்று அனுப்பியிருப்போம்.

சார் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் பேசப் போனார். அவர் தலை மறைந்ததும் தங்கவேலு என் மேஜைக்கு வந்தார்.

"அந்தக் காகிதத்தைக் குடும்மா."

"சார் கையெழுத்துப் போடாம வெளியில போகாது சார்."

"நான் என்ன திங்கவா போறேன்? மேலிடத்துல காட்டணும்."

"கையெழுத்தில்லாத காகிதத்தைக் காட்டினா அவங்க உங்களைத்தான் கேப்பாங்க."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். காகிதத்தைச் சுருட்டி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

சார் திரும்பி வந்து, பரிசோதனை இன்னும் முடியவில்லை, முடியும்வரை அறையில் பரிசோதகர்கள் மட்டும்தான் இருக்கலாம் என்று போலீசாரை வெளியே உட்காரச் சொன்னார். பட்டை, குழாய், தகடு எல்லாவற்றையும் என்னைக் கழற்றச் சொன்னார். மின்விசிறியைப் போட்டார். மோர் வந்தது. ஒரு முக்காலியை இழுத்து ஏகாம்பரத்துக்கு எதிரே, அவரைவிடத் தாழ்வாக உட்கார்ந்தார்.

"கொழந்தை எங்கேன்னு இனிமே கேக்கப் போறதில்லை. வியாழக்கிழமை காலம்பற எழுந்ததுலேர்ந்து நீங்க என்னென்ன பண்ணேள்னு மட்டும் சொல்லுங்கோ."

ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார். காரைத் துடைத்தது. குழந்தையைப் பள்ளியில் விட்டது. முதலாளியம்மாவை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனது. பிறகு சாந்தோம் பக்கம் ஒரு மரநிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டது.

"என்ன சாப்பாடு?"

"வாழக்கா கொயம்பு சார். வூட்டுல கட்டிக் குடுத்தது."

"நெழல் வேற. தூக்கம் வருமே."

ஏகாம்பரம் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்திச்சி சார்" என்றார்.

"எப்போ எழுந்தேள்?"

"சர்ச்சுல மணி அடிக்கிது, துள்ளி எந்திரிக்கிறேன், நாலு தாண்டிடுச்சி. பறந்துக்கினு போனேன். கேட்டு சாத்திக் கெடக்குது. பாப்பா இல்ல."

"மூணு மணிக்கே நின்னேன்னு சொன்னேளே?"

"லேட்டுன்னா வேல பூடும்னு மொதலாளிகிட்ட அப்டி சொல்லிட்டேன். அதியே போலீஸ்லயும் சொன்னேன்."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமே, இவ்வளவு அடிச்சாளே."

"யாரு சார் கேட்டா? கொயந்த எங்கடா, கொயந்த எங்கடா, அதான். லேட்டா வந்தேன்னா அந்த ஒரு மணி நேரம் இன்னாடா பண்ணேன்னு அதுக்கு வேற வாங்கணும். தூங்கினேன்னா எவன் நம்புவான்?"

சார் கதவைத் திறந்து தங்கவேலுவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். தங்கவேலு ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடலைக்காரன்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

பள்ளி வாசலில் வேர்க்கடலை விற்கும் ஒருவர் வியாழக்கிழமையே சொல்லியிருக்கிறார்: பாப்பா தனியாக நின்றது, பிறகு கூட்டத்தோடு ஒரு பஸ்ஸில் ஏறியது. ஆனால் அவர் கடை போடுவது மூன்றரைக்கு மேல். மூன்று மணிக்கே குழந்தை இல்லை என்று டிரைவர் சொல்லியிருந்ததால், கடலைக்காரர் வேறு ஏதோ குழந்தையைச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தபோது, கடைசி நிறுத்தமான அடையாற்றில் குழந்தை அழுததாகவும், மீன்கூடையோடு வந்த ஒரு பெண் கையைப் பிடித்து அழைத்துப் போனதாகவும் சொன்னார். மாலைக்குள் மீனவர் குப்பத்தில் குழந்தை கிடைத்துவிட்டாள். எண்ணெய் வைத்துத் தலைபின்னி, அங்கிருந்த பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

திங்கட்கிழமை தங்கவேலு மறுபடி வந்தார். சவரம் செய்து, தூங்கி எழுந்த முகம். கூடவே அந்த மீன்காரம்மா, பவுனம்மா.

"கடத்தல் கேஸ் போடலாமான்னு பாக்கணும் சார். ரெண்டு நாள் வச்சிருக்கா, ஒருத்தருக்கும் சொல்லல. இவ மேல கை வைக்கல. ஒங்க முறைப்படியே கொண்டாந்திருக்கேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு சார். நான் ரெண்டு நாள் பதம் பண்ணி வச்சதாலதான் ஒங்க மோருக்கு அவன் வாயைத் தொறந்தான்" என்றார்.

சார் கேள்வித்தாளை எடுத்து வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, அடிபடாத இன்னொரு ஏகாம்பரம் எங்களிடம் இல்லை. ஒரே ஒரு நிகழ்வை வைத்து தங்கவேலு சொன்னதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்தப் பயிற்சி வகுப்பில் "அடித்தால் உண்மை வராது" என்று அடித்துச் சொன்ன பெண்ணிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன். சில சமயம் வரலாம். அதன் மேல் உன் வாதத்தைக் கட்டாதே.

பவுனம்மா கருவியைச் சுற்றி வந்து பார்த்தார். "எம்மா, இது கரண்ட் அடிக்குமா?"

"அடிக்காதும்மா."

"அப்ப நீ இன்னா வோணா மாட்டிக்க. இவுரு அடிக்காம இருந்தா போதும்."

தங்கவேலு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் வழக்கம்போலக் கேள்விகளை முதலில் படித்துக்காட்டத் தொடங்கினார். குழந்தையை ஏன் போலீசில் ஒப்படைக்கவில்லை என்பது முதல் கேள்வி. பவுனம்மா பரிசோதனை வரைக்கும் காத்திருக்கவில்லை.

"நல்லா சொன்ன போ! கொயந்தய இட்டுக்கினு நாங்க டேசனுக்குப் போனா, எங்க புட்சேன்னு எங்களியே உள்ள வெச்சி மிதிப்பாங்க. எங்க குப்பத்துல நடந்துகீது சார். அதான் கடைக்கே இட்டுக்கினு போயிடலாம்னு பாத்தேன். பாப்பா கடைப் பேர கரீட்டா சொல்லிச்சி. மொதல்ல நாம போயி பாத்து, அப்பனாண்ட சொல்லிட்டு வரலாம்னு வெள்ளிக்கெயம காலீல டி.நகருக்குப் போனேன்."

"போனேளா?"

"எதிர் பிளாட்பாரம் வரைக்கும் போனேன். கடை வாசல்ல போலீஸ் வண்டி. கடைல வேல செய்ற புள்ளைங்கள சட்டயப் புட்ச்சி இஸ்துக்கினு வராங்க. ஒரு புள்ள ஏதோ கேட்டான், பளார்னு வுட்டாரு பாரு ஒண்ணு. ஊர் பூரா வேடிக்க பாக்குது. அந்தக் கடைல சம்பளம் வாங்குறவனுக்கே இந்த கெதின்னா, கொயந்தய வெச்சிருக்கிற எனக்கு இன்னா நடக்கும்? கூடைய தூக்கிக்கினு திரும்பிட்டேன்."

"யார் அடிச்சது?"

பவுனம்மா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. "போ சார். கேக்காத" என்றார்.

தங்கவேலுவின் முகத்தை நான் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "டெஸ்ட் வேணாம் சார். இவங்களை நானே வீட்டுல விட்டுடறேன்" என்றார். "நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றார் பவுனம்மா.

வியாழன் மாலை காணாமல் போன குழந்தை வெள்ளிக்கிழமை காலை அப்பாவிடம் போயிருக்க வேண்டியவள். சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவேண்டிய தூரம்தான் பாக்கி இருந்தது. தங்கவேலுவின் பதம் பண்ணும் வாதத்துக்கு எங்கள் தரப்பில் பதில் இல்லாமல் இருந்தது. பவுனம்மா அதற்குப் பதில் சொல்லவென்று வரவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரத்தின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. கியரைப் பிடிக்க முடியாது என்று வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். புகார் கொடுக்கும்படி சார் சொல்லிப் பார்த்தார், "யாராண்ட சார் குடுக்கறது, அவங்களாண்டயேவா?" என்று மறுத்துவிட்டார். சார் அந்தப் பரிசோதனையைப் பற்றி, விதியை மீறியது தாம்தான் என்பது உட்பட, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். பதில் வரவில்லை. தங்கவேலு பிற்பாடு பல வழக்குகளில் எங்களிடம் ஆட்களை அழைத்துவந்தார். பெரும்பாலும் அடிபடாதவர்களாக இருந்தார்கள். எப்போதும் அல்ல.

இப்போதைய நிலை இது. சம்மதம் இல்லாமல் யாரையும் அந்தக் கருவியில் உட்காரவைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. விசாரணையில் அடிப்பது அன்றும் சட்டப்படி குற்றம், இன்றும் குற்றம். அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அடியால் கிடைத்த தகவல் என்று சிலவற்றை யாராவது காட்டிக்கொண்டே இருப்பார்கள். அடிக்குப் பயந்து ஸ்டேஷன் பக்கம் வராமல் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.